அம்மா அப்பாவோடு அவுட்பேக்கில் ஆறு நாள்: வழிகாட்டி இருந்தால் போதுமா?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மெல்பர்னில் வேலை பார்க்கிறீர்கள். ஊரிலிருந்து வரப்போகும் அப்பாவுக்கு 63 வயது, அம்மாவுக்கு 58. மூவருமாக அவுட்பேக்கில், அதாவது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில், இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய், அங்கிருந்து வழிகாட்டியோடு 6 நாள் முகாம் போட்டு நடக்கும் பயணத்தில் சேர நினைக்கிறீர்கள். அப்பா தினமும் காலையில் 5 கிலோமீட்டர் நடப்பவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். அம்மா சுத்த சைவம். பாம்பைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டு, "வழிகாட்டி கூடவே இருப்பார், அப்படியானால் பயமில்லைதானே?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அப்பா அம்மாவின் பொறுப்பை ஆறு நாளைக்கு இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக நடக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே உள்ள மலைத்தொடரில் பதினோரு சீசன் வழிகாட்டியாக இருந்தவன். தொலைதூர இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சி எடுத்து, அதை முறையாகப் புதுப்பித்து வந்திருக்கிறேன். மருத்துவர் அல்ல. அதனால் மாத்திரை பற்றி நான் சொல்வதை உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நடை, வெயில், தண்ணீர், குளிர், முகாம் இவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது. தாராளமாக அழைத்துப் போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு விஷயத்தை ஊரிலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

மாதம் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகல் வெயில் சராசரியாக 20 டிகிரி, இரவு 4 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. ஜனவரியில் பகல் சராசரியே 36 டிகிரியைத் தொடும். செப்டம்பர் கடைசியில் விடுமுறை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாரம் இதமாகவும் இருக்கலாம், 35 டிகிரியாகவும் இருக்கலாம். முன்கூட்டியே யாரும் உறுதி கொடுக்க முடியாது. இளைஞர்கள் என்றால் போய்ப் பாருங்கள் என்பேன். 63 வயதுக்காரரோடு அந்தச் சூதாட்டம் வேண்டாம். அங்குள்ள பூங்கா நிர்வாகங்களே 36 டிகிரியைக் கோடாக வைத்திருக்கின்றன. முன்னறிவிப்பு 36ஐத் தொட்டால் கிங்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் விளிம்பு நடையைக் காலை 9 மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். காட்டா ஜூட்டா என்ற பாறைக் குன்றுகளின் காற்றுப் பள்ளத்தாக்கில் 11 மணிக்கு மேல் முதல் காட்சிமேடையைத் தாண்டி விடமாட்டார்கள். அந்தப் பாறைகள் காலையில் வாங்கிய சூட்டை மதியம் நம் முகத்தில் திருப்பி அடிக்கும். காற்றில்லாத பள்ளத்தாக்கில் நிழலில் நின்றால்கூட அடுப்புக்கு முன்னால் நிற்பது போல் இருக்கும்.

அடுத்தது எந்த மாதிரிப் பயணம் என்பது. நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் அது மேற்கு மெக்டொனல் மலைத்தொடரில் போகும் லாராபின்டா பாதையின் ஒரு பகுதி. முழுப் பாதை சுமார் 230 கிலோமீட்டர், 12 பகுதிகள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் பழைய தந்தி நிலையத்தில் தொடங்கி சோண்டர் மலையில் முடிகிறது. ஆறு நாள் பயணத்தில் அதன் அழகான துண்டுகளை மட்டும் நடந்துவிட்டு, இடையிலுள்ள தூரத்தை வண்டியில் கடப்பார்கள். பெரிய சுமையெல்லாம் வண்டியில் வரும். உங்கள் முதுகில் தண்ணீர், மதியச் சாப்பாடு, ஸ்வெட்டர் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 12, 14 கிலோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, "அப்பாவின் காலை நடையைப் போல இரண்டரை மடங்கு" என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். பார்க்கில் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் போகிறவர், அங்கே 2 கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். பாதை முழுக்க உடைந்த குவார்ட்சைட் கற்கள். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், மிதித்தால் ஆடும். ஏறுவதில் மூச்சு வாங்கும், ஆனால் ஆட்களை மடக்குவது இறக்கம்தான். மூன்றாம் நாள் மாலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சமதளத்தில் மட்டும் நடந்து பழகியவர்கள். அப்பா இப்போதிருந்தே வாரம் மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்கட்டும். ஊன்றி நடக்க இரண்டு கம்புகள் வாங்கிக் கொடுங்கள். கௌரவம் பார்த்து வேண்டாம் என்பார், விடாதீர்கள். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறக்கூடாது. குறைந்தது ஆறு வாரம் அதிலேயே புழங்கியிருக்க வேண்டும். குதிகாலில் சூடாக உறுத்தினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பாதிப் பயன்கூட இல்லை.

இனி அம்மாவிடம் பேச வேண்டிய விஷயம். நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லாருடைய பையையும் நிழலுக்கு எடுத்து வைக்கிறேன் என்ற சாக்கில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பேன். காலையில் 3 லிட்டர் நிரப்பிய பை மதியம் எவ்வளவு கனக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். ஒரு ஆண்டு ஜூன் மாதத்தில், நம் ஊர்க் குடும்பம் ஒன்றோடு ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டாம் நாள் மதியம் அவர் பையைத் தூக்கினேன். காலையில் நிரப்பியபடியே இருந்தது. "தண்ணி குடிக்கலையாம்மா?" என்றேன். "குளிரா இருக்கு தம்பி, தாகமே எடுக்கல" என்றார். உதடு வெடித்திருந்தது. சப்பாத்தியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு மெல்லாமல் வைத்திருந்தார். வாயில் எச்சில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து இறக்கத்தில் தலை சுற்றுகிறது என்று கல்லில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. நிழலில் படுக்க வைத்து, கால்களைப் பையின் மேல் தூக்கி வைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து அவரைத் தேற்ற இரண்டு மணி நேரம் பிடித்தது. முகாமுக்கு இருட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். அன்று இரவு அவர் மகளிடம்தான் காரணத்தைச் சொன்னார். வழியில் கழிப்பறை கிடையாது, கூட ஆண்கள் வருகிறார்கள், அதனால் முந்தின நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டாராம்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் தவறு என்னுடையதும்கூட. முதல் நாள் காலையிலேயே இதைப் பற்றி நான் வாய் திறந்து பேசியிருக்க வேண்டும். அதன் பிறகு எந்தக் குழுவிலும் பேசாமல் விட்டதில்லை. நம் பெண்கள் பேருந்துப் பயணத்திலும் கல்யாண வீட்டிலும் இதே அடக்கத்தோடு பழகியவர்கள். ஊரில் அதற்குக் கொடுக்கும் விலை ஒரு தலைவலி. அந்த வறண்ட காற்றில் விலை அதிகம். வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், உடம்பு நீரை இழப்பதே தெரியாது. சட்டை நனையாது, பின்னர்தான் முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். குளிர்காலத்திலேயே நடக்கும் நாளில் 3 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். வெயில் காலத்தில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு லிட்டர் என்பதுதான் அந்தப் பகுதியில் சொல்லும் கணக்கு.

ஆகவே அம்மாவிடம் நடைமுறையை முன்பே விளக்கிவிடுங்கள். முகாம்களில் கதவு போட்ட குழிக் கழிப்பறை பெரும்பாலும் இருக்கும். வழியில், "கொஞ்சம் பின்னால் வருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் குழு முன்னே நடந்துபோய் ஒரு வளைவில் காத்திருக்கும். இது எல்லாருக்கும் நடப்பது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போனால், ஆள் அருகில் இருக்கிறார் என்று பின்னால் வருபவருக்குப் புரியும். ஆற்றுப் பள்ளத்திலிருந்தும் நீர்நிலைகளிலிருந்தும் நூறு மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். மலம் கழிக்க வேண்டுமானால் சிறு மண்வாரியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். பேப்பரைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுவது நல்லது. மண் காய்ந்திருப்பதால் அது மக்க நெடுங்காலம் ஆகும். அம்மாவுக்கு ஒரு நீளமான பருத்தித் துண்டும், மேலே போட்டுக்கொள்ளத் தொளதொளவென்று ஒரு குர்தாவும் கொடுத்துவிடுங்கள். மறைவுக்கு மரம் இல்லாத இடத்தில் அந்தக் குர்தா செய்யும் உதவி பெரியது. நீங்கள் மகளாக இருந்தால் முதல் நாள் நீங்களே கூடப் போய் நில்லுங்கள். மகனாக இருந்தால் குழுவில் பெண் வழிகாட்டி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பல குழுக்களில் இருப்பார்கள். சிறுநீரின் நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேநீர் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

அப்பாவின் மாத்திரையும் இதோடு சேர்ந்த விஷயம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கும் வகை. வேறு சில, உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குச் சுமையைக் கூட்டும். நாள் முழுக்க நடந்து வியர்க்கும் ஆறு நாட்களுக்கு அளவை மாற்ற வேண்டுமா என்பதை மாத்திரை எழுதிய மருத்துவரே சொல்ல வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது. பயந்துபோய் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போய்க் குழப்பமும் வாந்தியும் வரும், பார்ப்பதற்கு நீரிழப்பு போலவே தெரியும். குடிக்கும்போது கூடவே உப்புள்ள எதையாவது கொறிக்க வேண்டும். வறுத்த கடலை போதும். எலுமிச்சைச் சாறில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு பாட்டில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பாம்புக்கு வருகிறேன். அங்கே கொடிய விஷப் பாம்புகள் உண்டு, முல்கா பாம்பும் பழுப்புப் பாம்பும். ஆனால் ஜூன், ஜூலைக் குளிரில் அவை பெரும்பாலும் வளைக்குள் முடங்கிக் கிடக்கும். பதினோரு சீசனில் என் குழுவில் யாரையும் பாம்பு தீண்டியதில்லை. காலை எங்கே வைக்கிறோம், கையை எந்தப் பொந்தில் விடுகிறோம் என்று பார்த்தால் போதும். ஒருவேளை கடித்துவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கழுவக்கூடாது. அகலமான பேண்டேஜை விரலிலிருந்து தொடைவரை இறுக்கமாகச் சுற்றி, கட்டை வைத்துக் கட்டி, ஆளை ஓர் அடிகூட நடக்க விடாமல் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் நம் கண்ணாடி விரியன் போன்ற வைப்பர் இனமே கிடையாது. அங்குள்ள நிலத்துப் பாம்புகளின் விஷம் நிணநீர் வழியாகப் பரவுவதால் இந்த அழுத்தக் கட்டு வேலை செய்கிறது. நம் ஊர்க் கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடிக்கு இதைச் செய்யாதீர்கள், கடித்த இடத்துச் சதையைக் கெடுத்துவிடும். பாம்பைவிட ஸ்பினிஃபெக்ஸ் புல்தான் உங்களை நிஜமாகக் குத்தப்போகிறது. அதன் முனை ஊசி போலத் தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும். கணுக்காலை மூடும் துணிக் கெய்ட்டர் அணிந்துகொள்ளுங்கள்.

நான் பாம்பைவிடக் கவலைப்படுவது இரவைப் பற்றி. ஜூன் மாதத்தில் மாலை ஆறு மணிக்குச் சூரியன் மறைந்தால் மறுநாள் ஏழே காலுக்கு மேல்தான் எழும். பதின்மூன்று மணி நேர இருட்டு. படுக்கை என்பது ஸ்வாக், அதாவது உள்ளே மெத்தை வைத்துத் தைத்த தடித்த கான்வாஸ் உறை. அதற்குள் ஸ்லீப்பிங் பேக்கை விரித்து நுழைந்து, முகத்தை மட்டும் வெளியே வைத்து வானத்தைப் பார்த்தபடி தூங்கலாம். டென்ட்டும் கேட்டால் கிடைக்கும். குளிர் அதிகமான ஒரு காலை கண் விழித்தபோது கான்வாஸின் மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் படிந்திருந்தது. தலைமாட்டில் வைத்த பாட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் வரவில்லை, கழுத்து வரை பனிக்கட்டி. அதற்காகத்தான் பூட்ஸையும், மறுநாள் முதலில் குடிக்க வேண்டிய பாட்டிலையும் ஸ்வாக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்வோம். குரங்குக் குல்லா, கம்பளி உள்சட்டை, இரண்டு ஜோடி தடித்த காலுறை மூன்றும் கட்டாயம். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும். பெரிய ஆற்றங்கரை யூகலிப்டஸ் மரத்தடியில் நிழல் அழகாக இருக்கிறதே என்று படுக்கையை விரிக்காதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் அதன் பெருங்கிளை திடீரென்று ஒடிந்து விழும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. படிவத்தில் "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் முட்டை வரும், சிலர் மீனையும் அதில் சேர்ப்பார்கள். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், பால் தயிர் சாப்பிடுவார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். இறைச்சி சுடும் தட்டிலேயே காய்கறியையும் வாட்டுவது அங்கே சாதாரணம். தனிப் பாத்திரம் வேண்டும் என்றால் அதையும் முன்பே சொன்னால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். கனலில் வார்ப்பிரும்புச் சட்டியைப் புதைத்து, மூடியின் மேலும் தணல் அள்ளிப் போட்டுச் சுடும் டாம்பர் ரொட்டி உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். அந்தச் சட்டியில் ஒரு முறை காய்கறிப் பிரியாணி தம் போட்டுக் காட்டினார் ஒரு பாட்டி. குழு முழுவதும் அடுத்த நாளும் அதையே கேட்டது.

இப்போது வழிகாட்டி. அவர் பாதை அறிவார், முதலுதவி அறிவார், செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பார். பாதையின் பெரும்பகுதியில் உங்கள் மொபைலில் சிக்னல் வராது. ஆனால் உதவி கேட்பதற்கும் உதவி வருவதற்கும் இடையில் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை மலையிடுக்கில் அவரும் நீங்களும் மட்டும்தான். அவரிடம் மறைத்த எதையும் அவரால் கவனிக்க முடியாது. நெஞ்சில் எப்போதோ வந்த வலி, போன ஆண்டு மயங்கி விழுந்தது, முழங்கால் ஊசி எல்லாவற்றையும் மருத்துவப் படிவத்தில் எழுதுங்கள். சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து அப்பா மறைக்கப் பார்ப்பார். எழுதியதற்காக நாங்கள் ஆளைத் திருப்பி அனுப்பியது அரிது. அவருக்கு ஏற்றபடி நாளின் திட்டத்தை மாற்றிய தடவைகள்தான் அதிகம். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, ஒருவர் பாதியில் முடியவில்லை என்றால் அவரை முகாமுக்கு யார் அழைத்து வருவார் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அப்பா அம்மா இருவருக்கும் அவசர விமானத்தையும் சேர்த்துக் காக்கும் பயணக் காப்பீடும் வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கையும் அவர்கள் வரவேண்டும் என்பதற்காகத்தான். அது அரெண்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். லாராபின்டா என்பதே ஃபின்க் ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர், பொருள் நம் மொழியில் உப்பாறு. உலகின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். ஆனால் நீங்கள் பார்க்கும் அன்று அதில் மணல்தான் ஓடும், இடையிடையே குளங்கள். சில இடங்கள் அவர்களுக்குப் புனிதமானவை, படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். பயணத்தின் முடிவில் உலுரு என்ற பெரிய செம்பாறைக்கும் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 2019 அக்டோபர் 26 முதல் அதன் மேல் ஏற முடியாது. அடிவாரத்தைச் சுற்றி வரும் சுமார் பத்தரைக் கிலோமீட்டர் சமதள நடை இருக்கிறது, அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நம் கிரிவலம் போனவர்களுக்கு அந்த நடையைப் பற்றி விளக்கவே வேண்டியதில்லை. அந்த அரெண்டா மக்களில் ஒருவரான ஆல்பர்ட் நமட்ஜிரா வரைந்த நீர்வண்ண ஓவியங்களைப் போவதற்கு முன் அம்மாவுக்குக் காட்டுங்கள். வெள்ளைத் தண்டு மரமும் ஊதா மலையும் மிகைப்படுத்தி வரைந்தது போலத் தோன்றும். ஓர்மிஸ்டன் பள்ளத்தாக்கில் மாலை ஐந்தரைக்கு நிற்கும்போது, அவர் பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறார் என்று புரியும்.

கடைசி நாள் சோண்டர் மலை. 1380 மீட்டர் உயரம், போய்வர சுமார் 16 கிலோமீட்டர். சூரிய உதயத்துக்காக இரவு மூன்று மணி வாக்கில் டார்ச் வெளிச்சத்தில் ஏறத் தொடங்குவார்கள். அப்பா ஏறலாமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், ஐந்தாம் நாள் மாலை அவர் படியிறங்குவதைப் பார்த்து வழிகாட்டி சொல்லட்டும். அம்மா முகாமில் தங்கிக்கொள்ளலாம். சமையல்காரர் தீ மூட்டி வைத்திருப்பார், சிவந்த மலை வெளுப்பதைக் கீழிருந்தும் பார்க்கலாம்.

இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஊரில் பக்கத்து மலைக்கோவில் எதற்காவது போகச் சொல்லுங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரை முதுகுப் பையில் சுமந்துகொண்டு, வெயிலேறும் முன் மூன்று மணி நேரம் படி ஏறி இறங்கட்டும். வீடு திரும்பியதும் போன் செய்து முழங்காலைப் பற்றிக் கேளுங்கள். அம்மாவின் பையில் மீதி எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றும் கேளுங்கள். அந்த அளவை இங்கே எழுதினால், பதிவு செய்வதற்கு முன் நானும் பார்த்துச் சொல்கிறேன்.